பச்சை பாக்கெட்டும் ஒரு பெர்ன்ஹில் வீடும்

போன மாதம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பாம். "ஒரு பிராண்டு எப்படி இத்தன வருசம் தாக்குப் புடிக்குதுன்னு நீங்க வந்து பேசோணுமுங்க, ராணிக்கா" என்றார் பிரவீன் சார். அவர் இப்போது ஜெனரல் மேனேஜர். நான் ஓய்வு பெற்று, வீட்டுக்குப் பின்னால் கேரட்டுக்குக் களை பிடுங்கிக்கொண்டிருப்பவள். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். மனிதர் விடவில்லை, காரை அனுப்பிவிட்டார்.

போனால் பெரிய திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. தரம், நம்பிக்கை, வாடிக்கையாளர் உறவு என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சிமெண்டு விற்கிறவர்களும் அதே கட்டங்களைத்தான் போட்டிருப்பார்கள். ருசி பார்க்கும் அறைக்கு ஒரு மெஷின் வந்திருக்கிறது. பொடியை உள்ளே வைத்தால் வறுவல் எவ்வளவு என்று எண்ணாகவே சொல்லிவிடுகிறது. நல்ல மெஷின்தான், நான் குறை சொல்ல மாட்டேன். வகுப்பில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "மெஷினே சொல்லிருது. அப்பறம் எதுக்குங்க இன்னும் ஊடு ஊடாப் போயி காபி குடிக்கறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கொடுத்திருந்த நேரத்துக்குள் அது அடங்காது. ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். கடைகளில் யாரும் பெயரைச் சொல்லிக் கேட்பதும் இல்லை. "பச்சை பாக்கெட்" என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். சிக்கரி கலக்காத சுத்தக் காபி, விலை மற்றவற்றைவிட ஒரு படி மேல். ஊட்டித் தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு காபியை விற்கக் கிளம்பியவர்களை ஊரில் பைத்தியம் என்றுதான் சொன்னார்களாம். அதில் நானும் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது. அப்பா அம்மா இரண்டு பேருக்கும் பிக்கட்டி பக்கத்தில் எஸ்டேட் வேலை. வீட்டில் காபி என்ற பேச்சே கிடையாது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடித்து வளர்ந்தவள் நான். காபிக் கம்பெனியில் வேலை கிடைத்தது என்று சொன்னபோது அம்மா, "தேயிலைக்குள்ள பொறந்துட்டு கோப்பித் தண்ணிக்கு ருசி பாக்கப் போறியா புள்ள? உங்க மேனேஜருக்கு வேற ஆள் கெடைக்கலையா?" என்று கேட்டார். உண்மையில் பாக்கெட் ஒட்டத்தான் என்னை எடுத்தார்கள். ருசி பார்க்கும் அறைக்கு என்னை இழுத்துக்கொண்டவர் நாச்சிமுத்து சார்.

எந்தக் கொட்டையை எவ்வளவு சேர்ப்பது, எவ்வளவு வறுப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பூர்வீகம் கோயம்புத்தூர்ப் பக்கம். ஒல்லியான ஆள், வருடம் முழுக்க ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர். கூட்டுகிற அம்மாவிடமும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். யாரையும் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. "அப்படீங்களா" என்பார், அவ்வளவுதான். அதை அவர் இழுக்கிற இழுப்பில்தான் எல்லாம் இருக்கும். குறுக்கிச் சொன்னால் சரி. நீட்டிச் சொன்னால் எதிரில் நிற்கிறவர் தன் கருத்தைத் தானே வாபஸ் வாங்கிக்கொள்வது நல்லது.

என்னை எதற்கு எடுத்தார் என்று பின்னாளில் ஒரு முறை கேட்டேன். "உங்களுக்குக் காபின்னா இப்படித்தான் இருக்கோணும்னு ஒரு எண்ணமே இல்லீங்களே. அது கெடைக்காதுங்க" என்றார்.

அவர் ருசி பார்க்கிற முறையைச் சொல்ல வேண்டும். அறையில் நாங்கள் நான்கைந்து பேர் இருப்போம். டம்ளரை வாங்கியதும் ஆளுக்கொரு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட வேண்டும். சுவரைப் பார்த்தபடிதான் குடிக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், பெரியவர் முகம் சுளித்ததும் சின்னவர்களுக்கும் கசந்துவிடும் என்பது அவர் கணக்கு. குடித்து முடித்துப் பிடித்திருந்தால் டம்ளரை நிமிர்த்தி வைக்கலாம், பிடிக்கவில்லையென்றால் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகுதான் எல்லோரும் ஒன்றாகத் திரும்புவோம். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இவர்களுக்குள் ஏதாவது சண்டையா என்று கேட்டாராம். வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புகிற வழக்கமும் எங்களிடம் இல்லை. "காசு குடுத்து வாங்குறவிய துப்பறதுக்கா வாங்குறாங்க?" என்பார் சார். அவரிடம் பழகிய முதல் சில வருடங்கள் எனக்குத் தூக்கமே சரியாக வந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் பச்சை பாக்கெட் முதல் முறை கீழே கோயம்புத்தூருக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. ஒரே கசப்பு என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் புரியவில்லை. இங்கே எல்லா டம்ளரும் நிமிர்ந்துதானே இருந்தன? சார் பஸ் பிடித்துக் கீழே போய், சொந்தக்காரர் வீட்டில் அதே பொடியில் காபி போடச் சொல்லிக் குடித்துவிட்டு வந்தார். "நாம நமக்கு வறுத்திருக்கோமுங்க" என்றார். ஊட்டியில் பருப்பு வேக நேரமாகும் என்பது இங்கே குடித்தனம் செய்கிற எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் கொதித்தாலும் கீழ்நாட்டுக் கொதியின் சூடு அதற்கு இருக்காது. அந்தத் தண்ணீரில் டிகாஷன் இளசாக இறங்குகிறது என்று நாங்கள் வறுவலை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறோம். அதே பொடியில் கோயம்புத்தூர் வெந்நீரை ஊற்றினால் கசக்காமல் என்ன செய்யும்? மலையில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு சார் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். ஒரு தடவை வறுத்துக் கலந்த பொடியை லாட் என்போம். ஒவ்வொரு லாட்டும் வெளியே போகுமுன் சாதாரண வீடுகள் சிலவற்றுக்கு வெறும் கவரில் பொடி போகும். சில வீடுகள் ஊட்டியில், மிச்சம் கீழே. அவர்கள் வீட்டுப் பில்டர், அவர்கள் வீட்டுப் பால், அவர்கள் எப்போதும் போடுகிற மாதிரியே போட வேண்டும். நான் போய் உட்கார்ந்து அவர்களோடு குடிப்பேன். ஒரே ஒரு வீடு வேண்டாம் என்றாலும் லாட் வெளியே போகாது. திரும்ப வறுத்து, திரும்பக் கலந்து, திரும்ப வீடுகளுக்குப் போகும். இப்படியாக நான் வேலையில் பாதி நாளை அடுத்தவர் வீட்டு நாற்காலியில் கழித்தேன். பாக்கெட் ஒட்டுகிற பெண்கள் எனக்கு 'விருந்தாளியம்மா' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வீடுகளில் ஒன்று ஊட்டியிலேயே பெர்ன்ஹில் பகுதியில் இருந்த சென்னியப்பன் ஐயா வீடு. ஐயா அரசு ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆன கையோடு கீழேயிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டார். காபியில் அவருக்கு ஒரு வெறி. அதைவிடப் பெரிய வெறுப்பு சிக்கரி மேல். ஹோட்டலில் பொடியைக் கேட்டு வாங்கி, ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் சிட்டிகை தூவிக் காட்டுவார். சுத்தக் காபிப் பொடி மேலேயே மிதக்கும். சிக்கரி இருந்தால் உடனே பழுப்பு நிறத்தில் நூல் நூலாகக் கீழே இறங்கும். "பாத்துக்குங்க, எல்லாரும் பாத்துக்குங்க" என்று பக்கத்து மேஜைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டுவாராம். மார்க்கெட்டில் அவர் தலையைக் கண்டால் டம்ளரை ஒளித்துவைக்கிற கடைக்காரர்களும் இருந்தார்கள்.

அவர் சம்சாரம் தெய்வானை அக்கா. வட்ட முகம், நிறையப் பேச மாட்டார். நான் போனால், "வா கண்ணு, குளுருல வந்திருக்கற, உக்காரு" என்று அடுப்பைப் பற்றவைப்பார். காபி வந்ததும் ஐயா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு "நிக்குது" என்பார், அல்லது "நிக்கல" என்பார். குடித்து முடித்த பிறகும் ருசி நாக்கில் நிற்க வேண்டும், அதுதான் அவர் அளவுகோல். அக்காவிடம் நான் கேட்டால், "எனக்கென்ன கண்ணு தெரியும்? அவிய சொல்றதுதான்" என்று உள்ளே போய்விடுவார்.

ஐயா சொன்னது ஒரு நாளும் வீண்போகவில்லை. அவர் "நிக்கல" என்று சொன்ன லாட்டை, இரண்டு நாள் கழித்துக் கீழேயிருக்கிற வீடுகளும் குறை சொல்லும். அவர் 'கொஞ்சம் முறுகிருச்சு' என்றால் சார் வறுவலைக் குறைப்பார். குறைத்தது கோயம்புத்தூரிலும் பிடித்துவிடும். இப்படிக் குறைத்துக் குறைத்துத்தான் பச்சை பாக்கெட்டுக்கு என்று ஒரு ருசி வந்து நின்றது. மலையிலும் செல்லும், கீழேயும் செல்லும். மற்ற கம்பெனிகள் விலையைக் குறைத்தார்கள், டம்ளர் இலவசம் கொடுத்தார்கள். பச்சை பாக்கெட் வாங்குகிறவர்கள் அசையவில்லை. "பெர்ன்ஹில்ல என்ன சொன்னாங்க?" என்பதுதான் நான் உள்ளே நுழைந்ததும் சார் கேட்கிற முதல் கேள்வி.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் தெய்வானை அக்கா இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவள் போன மாதிரி இருந்தது. அந்த வீட்டுக்குக் கொஞ்ச நாள் பொடி அனுப்பாமல் இருந்தோம். ஐயாவே போன் செய்தார். "நான் போட்டுப் பழகிட்டேன் அம்மிணி. அனுப்பச் சொல்லு. எனக்கும் ஏதாச்சும் ஒரு சோலி வேணுமல்லோ."

அனுப்பினோம். "நிக்கல" என்றார். சார் கலவையை மாற்றினார். அதுவும் நிற்கவில்லை. வறுவலைக் கொஞ்சம் ஏற்றினார். "ம்ஹூம்." மற்ற எல்லா வீடுகளும் சரி என்று சொல்லி, இவர் ஒருவர் சொல்லால் லாட்டுகள் குடோனில் தங்க ஆரம்பித்தன. கீழே கடைகளில் பச்சை பாக்கெட் இல்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். இல்லை என்று ஒரு தரம் சொன்னால் பரவாயில்லை, இரண்டு தரம் சொன்னால் வாங்குகிறவர் வேறு பாக்கெட்டைப் பார்த்துவிடுவார்.

அப்போது பிரவீன் சார் மார்க்கெட்டிங் மேனேஜராகப் புதிதாக வந்திருந்தார். துறுதுறுவென்ற பையன், கெட்டவர் இல்லை. "சார், பாவமாத்தான் இருக்குது. ஆனா அந்தப் பெரியவருக்கு நாக்கு போயிருச்சு. அந்த ஊட்ட விட்டுட்டு வேற ஊடு பாக்கலாமுங்க" என்றார்.

"அப்படீங்களா" என்றார் நாச்சிமுத்து சார். நீட்டித்தான் சொன்னார். பிரவீன் சாருக்கு அந்த நீட்டலின் அர்த்தம் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அன்று சாருக்கும் வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரிந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "போயிட்டு வாங்க. குத்தம் கண்டுபிடிக்கப் போகாதீங்க. அவுரு நிக்கலைன்னு சொன்னா ஏதோ ஒண்ணு இல்லைன்னுதான் அர்த்தம். என்ன இல்லைன்னு மட்டும் பாத்துட்டு வாங்க. ஒண்ணும் தெரியலைன்னா அந்த ஊட்ட விட்ருலாமுங்க."

மழை தூறிக்கொண்டிருந்தது. ஐயா கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். வீடு சுத்தமாக இருந்தது, அடுப்படியும் சுத்தமாக இருந்தது. காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் அலமாரியில் இருந்ததையெல்லாம் துடைத்து ஒழித்துவிட்டுப் போயிருந்தார்கள். என் கண் முன்னாலேயே காபி போட்டார். பில்டரைச் சுடுதண்ணீரில் அலசினார், பொடியை அழுத்தாமல் போட்டார், பாலைப் பொங்கவிட்டார். ஒரு தப்பும் இல்லை. வாங்கிக் குடித்தேன். எங்கள் காபிதான், நன்றாகத்தான் இருந்தது.

அவர் குடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிக்குதா?" என்று கேட்டார்.

"எனக்கு நிக்குதுங்க ஐயா."

தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு வாயில வெச்சதும் போயிருது அம்மிணி. சோத்துல ருசி இல்ல, அது கெடக்குது, எல்லாருக்கும் அப்படித்தானாம். காபி ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அதுலதான் அவ கை இருக்கற மாதிரி இருக்கும்னு நெனச்சேன். அவ போட்ட மாதிரியே போடறேன், அதே பில்டரு, அதே பாலு, உங்க பொடி. ஆனா அது வர மாட்டேங்குது. நாக்கு செத்துப்போச்சோ என்னமோ. செத்துருச்சுன்னா சொல்லிரு, உங்க கம்பெனிக்கு எதுக்கு என்னால நட்டம்?"

அந்த மனிதருக்கு உலகத்தில் பெருமை என்று இருந்தது அவர் நாக்கு ஒன்றுதான். அதையும் நான் எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறேனா என்று இருந்தது.

நானே போட்டுப் பார்த்தேன். பொடியைக் கூட்டினேன், இரண்டாம் டிகாஷன் சேர்த்தேன், பாலைக் குறைத்தேன். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடினார், தலையை ஆட்டினார். கடைசியில், "அக்கா கையால வெச்ச பொடி ஏதாச்சும் மிச்சம் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

அவர் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்துவந்தார். அக்கா படுப்பதற்கு முன்னால் நிரப்பி வைத்த டப்பா. அடியில் கொஞ்சம் இருந்தது. "இத நான் தொடறதில்ல. வாசம் புடிச்சுப் பாத்துட்டு மூடி வெச்சிருவேன்" என்றார். மூடியைத் திறந்தேன். பொடி பழசாகியிருந்தது. அந்த வாசத்துக்கு அடியில் கருகிய வெல்லம் மாதிரி இன்னொரு வாசம் இருந்தது. சட்டென்று டப்பாவை மூடிவிட்டேன்.

மூடியிருக்கக் கூடாது. முகத்தைப் பார்த்து அவர் கண்டுபிடித்துவிட்டார். "என்ன அம்மிணி?" என்றார். நான் ஒன்றுமில்லை என்றேன். அவர் எழுந்து போய் ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் பிடித்து வந்து என் முன்னால் வைத்தார்.

"ஐயா, வேண்டாங்க."

"ஊரான் கடையிலெல்லாம் போட்டுப் பாத்தவன் நானு. என்ற ஊட்டுப் பொடிக்கு என்ன பயம்?" என்று அவரே சிட்டிகை எடுத்துத் தூவினார்.

கொஞ்சம் மேலே மிதந்தது. மிச்சம் பழுப்பு நூலாக, அவசரமே இல்லாமல் கீழே இறங்கியது.

அவர் டம்ளரையே பார்த்தார். தண்ணீரில் ஏதோ கோளாறு என்றார். கீழே கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தார். அதிலும் நூல் இறங்கியது. நான் கொண்டுபோயிருந்த புதுப் பொடியைத் தூவினார். அது அப்படியே மிதந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க வந்த புதுசுல, மொதல் மொதல்ல உங்க பாக்கெட்ட வாங்கிட்டு வந்தேன்" என்று ஆரம்பித்தார். "அவ போட்டுக் குடுத்தா. தண்ணியாட்டம் இருந்துச்சு. இந்த ஊருத் தண்ணிக்கு டிகாசன் எறங்குலயல்லோ. நான் டம்ளர வீசிட்டேன். 'சுத்தமான காபிய இப்படிக் கெடுத்துப்போட்டயே'ன்னு சத்தம் போட்டேன். மறுநாளு அமிர்தமா இருந்துச்சு. 'பாத்தயா, கை பழகிருச்சு'ன்னு சொன்னேன். ஆமாங்கன்னா." அவர் குரல் உடைந்தது. "கை பழகல அம்மிணி. அன்னிக்கே போயி சிக்கரி வாங்கிட்டு வந்திருக்கறா."

கண்ணாடி டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஊரெல்லாம் சிக்கரிக்காரன வைஞ்சுபோட்டு, ஊட்டுக்கு வந்து கண்ண மூடிட்டு அதையே குடிச்சிருக்கறேன். நிக்குது, நிக்குதுன்னு சர்ட்டிபிகேட் வேற. என்னயப் பத்தி என்ன நெனச்சிருப்பா அவ? ஒரு நாளாச்சும் சிரிச்சிருப்பாளா?"

"சிரிச்சிருப்பாங்க ஐயா" என்றேன். "நீங்க கண்ண மூடுனப்பவெல்லாம் அடுப்படியில நின்னு சிரிச்சிருப்பாங்க."

"சிரிச்சிருப்பாளா?" என்று திரும்பக் கேட்டார். அப்புறம் அவரே சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையாகி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். அந்த அழுகையோடு, "உங்க நாக்குக்கு ஒண்ணும் ஆகலீங்க ஐயா. இல்லாதத இல்லைன்னுதான் சொல்லியிருக்கீங்க" என்றேன். துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்று நான் உள்ளே நுழைந்த பிறகு அப்போதுதான் அவர் முதுகு நிமிர்ந்தது.

குடையை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன். நூறு கிராம் சிக்கரி கேட்டதும் கடைக்காரர், "ஐயா ஊட்டுக்குங்களா?" என்று குரலைத் தாழ்த்தினார். "அக்காவுக்கு மஞ்சத்தூள் பொட்டலமாட்டக் கட்டிக் குடுப்பேனுங்க. ஐயாவுக்குத் தெரிஞ்சா என்ற கடையில வந்து டம்ளருல தண்ணி கேப்பாரேன்னு பயம்." தெரிந்துவிட்டது என்று சொன்னேன். பாவம், முகம் வெளுத்துப்போனார்.

எவ்வளவு சேர்த்தார் என்று தெரியாது. ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போட்டுப் பார்த்தோம். ஒரு டம்ளர் வந்தது. ஐயா ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். அந்தக் கண் திறக்கவே இல்லை. அப்படியே முழு டம்ளரையும் குடித்து முடித்தார்.

மறுநாள் ஆபீஸில் இதைச் சொன்னபோது பிரவீன் சாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார், இது வெளிய தெரிஞ்சா என்னத்துக்கு ஆகறது? சுத்தக் காபின்னு நாம விக்கறோம். அதுக்கு சிக்கரி ஊட்ல ருசி பாத்திருக்கோம். மொதல்ல அந்த ஊட்ட எடுத்துருங்க."

நாச்சிமுத்து சார் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, "வண்டி இருக்குங்களா?" என்று கேட்டார். பிரவீன் சாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அத்தனை வருடத்தில் அவர் பெர்ன்ஹில் வீட்டுக்குப் போனதே இல்லை. தான் போனால் அவர்கள் தனக்காக விசேஷமாகக் காபி போட்டுவிடுவார்கள் என்று போகாமலே இருந்தவர்.

ஐயாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "தப்பாயிருச்சுங்க, தெரியாம நடந்துபோச்சுங்க" என்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். சார் கையமர்த்தினார். "அந்தம்மா போடற மாதிரி ஒரு காபி குடுங்க" என்றார். வந்தது. அவர் ஆயுளில் தெரிந்தே குடித்த முதல் சிக்கரிக் காபி அதுவாகத்தான் இருக்கும். மெதுவாகக் குடித்தார். டம்ளரை வைத்தார். "இன்னுங் கொஞ்சம் இருக்குங்களா?" என்றார்.

திரும்பி வருகிற வழியில் பிரவீன் சார் மறுபடியும் ஆரம்பித்தார். சார் அன்றைக்குத்தான் ரொம்ப நேரம் பேசி நான் கேட்டேன். "நம்ம பொடியில நாம சிக்கரி போட்டா அது துரோகமுங்க. அத நான் இருக்கற வரைக்கும் செய்ய மாட்டேன். ஊட்டுக்குள்ள போனதுக்கப்பறம் அது நம்ம காபி இல்லீங்க, அவிய காபி. ஒருத்தர் சிக்கரி போடுவாங்க, ஒருத்தர் சுக்குப் போடுவாங்க, ஒருத்தர் ஆறிப்போனதச் சுட வெச்சுக் குடிப்பாங்க. அத்தனையும் தாண்டி அதுக்குள்ள நம்ம பொடி இருக்குதுன்னு நாக்குக்குத் தெரியோணும். நாம கொறச்சுக் கொறச்சு ஒரு ருசிக்கு வந்தமல்லோ, அது அந்தம்மா அடுப்படியில வந்த ருசிங்க. எத்தனையோ ஊட்ல என்னென்னவோ நடக்குது. ஒரே ஒரு ஊட்லதான் நமக்கு உண்மை தெரிஞ்சிருக்குது. அதப் போயி விட்டுரச் சொல்றீங்களா?"

பிரவீன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குடோனில் கிடந்த லாட்டுகளில், ஐயா வீட்டு டம்ளரில் மட்டும் அக்கா அளவுக்குச் சிக்கரி சேர்த்துத் திரும்பப் போட்டுப் பார்த்து, நின்றதையெல்லாம் அந்த வாரமே கீழே அனுப்பினோம்.

அதற்குப் பிறகு பெர்ன்ஹில் வீட்டில் இரண்டு டம்ளர் காபி போடுவது என்று ஆனது. ஒன்று சுத்தமான பொடியில், ஒன்று அக்கா அளவில். இரண்டையும் ஐயா குடித்துச் சொல்ல வேண்டும். சுத்தக் காபியும் அவருக்குப் பழகிக்கொண்டே வந்தது. ஹோட்டலில் டம்ளரில் பொடி தூவுவதை மட்டும் விட்டுவிட்டார். கேட்டால், "எவம் பொண்டாட்டி கலந்து குடுத்தாளோ, நமக்கெதுக்கு" என்பார்.

அந்தத் தீபாவளிக்குக் கோயம்புத்தூருக்குப் பெரிய லோடு போக வேண்டியிருந்தது. எல்லா வீடுகளும் சரி என்றுவிட்டன. பெர்ன்ஹில் மட்டும் பாக்கி. ஐயாவுக்கு ஜலதோஷம், இரண்டு நாள் பொறு என்றிருந்தார். பிரவீன் சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எப்படியும் சரி என்றுதானே சொல்லப்போகிறார் என்று லாரியில் மூட்டைகளை ஏற்றச் சொல்லிவிட்டார். தார்ப்பாயும் கட்டியாயிற்று, டிரைவர் சாவியோடு நிற்கிறார். அப்போது எனக்குப் போன் வந்தது.

"அம்மிணி, எனக்கு நிக்குது" என்றார் ஐயா. நான் மூச்சு விடப்போனேன். "ஆனா அவளுக்கு நிக்கல. அவ டம்ளரு சப்புனு போகுது. வேண்டாம்னு சொல்லிரு."

யார்டுக்கு வந்தேன். லாரிப் பக்கத்தில் சாரும் பிரவீன் சாரும் நின்றிருந்தார்கள். பெர்ன்ஹில்லில் வேண்டாம் என்கிறார்கள் என்று சொன்னேன்.

"ஐயாவுக்குப் புடிக்கலீங்களா?" என்று கேட்டார் சார்.

"ஐயாவுக்குப் புடிச்சிருக்குதாமுங்க சார். அக்காவுக்குத்தான் புடிக்கலையாமா."

சார் தார்ப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பிரவீன் சார் லாரிப் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, கயித்த அவுருங்க. எல்லாத்தையும் எறக்குங்க" என்றார். "அந்தம்மாவுக்குப் புடிக்கலையாமா."